சேவகன் செய்த கொடுமை அரசனைச் சேருமா?





திருஏடு வாசிப்பில், நீசனின் சேவகர் அய்யாவைப் பிடித்துக் கட்டிக் கொண்டுபோகும் பகுதி வருகிற நாளில் பதியிலே ஒரு கனத்த அமைதி இருக்கும். தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வாசிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்காரும்போது வாலிபப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பிடித்தவன் சேவகன், அடித்தவன் சேவகன், சிங்காரத்தோப்பில் காவல் நின்றவன் சேவகன். அரசன் தன் கொட்டாரத்தில் இருந்தான். அப்படியிருக்க, பாவம் முழுவதையும் அரசன் தலையில் ஏன் வைக்கிறோம்?" இன்னொரு பிள்ளை அதற்கும் ஒரு படி மேலே போய்க் கேட்கும்: "அரசனும் கலிக்கு ஆட்பட்டவன்தானே? கலி ஆட்டினால் அவன் ஆடத்தானே செய்வான்?"

இரண்டும் நல்ல கேள்விகள். பிள்ளைகள் வாயை அடைத்து அனுப்பிவிடக் கூடாத கேள்விகள். கடந்த நூறு ஆண்டுகளில் உலகம் கண்ட கொடுங்கோலர் பலர். அவர்களில் அகப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுவே: நான் செய்யவில்லை, என் கீழே இருந்தவர்கள் செய்தார்கள், எனக்குத் தெரியாது. இந்தப் பதில் செல்லுமா செல்லாதா என்று பார்க்க ஒரே ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்து நாட்டுக் கதையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது.

நாராயணருக்கென்று எழுப்பப்பட்ட அங்கோர்வாட் ஆலயம் இருக்கும் கம்போடியாதான் அந்த நாடு. 1975 ஏப்ரல் 17ஆம் நாள் க்மெர் ரூஜ் என்ற பொதுவுடைமைப் படையினர் அதன் தலைநகரான புனோம் பென்னைப் பிடித்தார்கள். அன்றைக்கே நகரத்து மக்கள் எல்லாரையும் வெளியே விரட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ இருபது லட்சம் பேர். மருத்துவமனையில் படுத்துக் கிடந்த நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு. பணம் ஒழிக்கப்பட்டது. சந்தை ஒழிக்கப்பட்டது. பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் மூடப்பட்டன. புத்த பிட்சுக்களின் காவித்துணி உரியப்பட்டு அவர்கள் வயலுக்கு அனுப்பப்பட்டார்கள். 1979 சனவரி 7இல் வியட்நாம் படை நுழைந்து அந்த ஆட்சி விழும்வரை மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள். எண்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் இருந்த நாட்டில் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டவர்கள் ஒரு பக்கம். பசியாலும் நோயாலும் ஓயாத வேலையாலும் செத்தவர்கள் மறு பக்கம்.

இந்த ஆட்சிக்குத் தலைவன் போல் பாட். அது அவன் தாய் தகப்பன் வைத்த பெயர் அல்ல. சலோத் சார் என்பதே அவன் பெயர். ஆட்சிக்கு வந்த பிறகும் நெடுநாள் அவன் தன்னை இன்னார் என்று மக்களுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லா உத்தரவும் "அங்கார்" என்ற பெயரில் வந்தது. அங்கார் என்றால் அமைப்பு. அங்கார் உன்னை அழைக்கிறது, அங்கார் இந்த வேலையைச் சொல்கிறது, அங்காருக்கு அன்னாசிப்பழம் போல உடம்பெல்லாம் கண். இப்படித்தான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. போல் பாட்டின் சொந்த அண்ணன் கூட மற்றவர்களைப் போலக் கிராமத்துக்கு விரட்டப்பட்டு வேலை செய்தவர்தான். கூட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்த பிறகே, நாட்டை ஆள்பவன் தன் தம்பி என்று அவருக்குத் தெரிந்தது.

முகம் காட்டாமல் ஆள்வது என்பதை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. முகம் தெரிந்தால்தான் ஏசலாம், கெஞ்சலாம், முறையிடலாம். உடம்பெல்லாம் கண்ணாக மக்களைப் பார்த்துக்கொண்டு, தன்னை மட்டும் யாரும் பார்க்க முடியாதபடி வைத்துக்கொண்டவன், பின்னாளில் "நான் பார்க்கவில்லை" என்று சொல்லப்போகிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இனி நெல்லின் கதை. வயலில் இறங்கி வேலை செய்யும் நம் மக்களுக்கு இது நன்றாக விளங்கும். 1976இல் அந்த ஆட்சி ஒரு நான்கு ஆண்டுத் திட்டம் போட்டது. ஒரு ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் அந்த நாட்டின் விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டித்தான் இருந்தது. உரம் இல்லை, கருவி இல்லை, மாடு போதாது, வயலில் நிற்பவர்களில் பாதிப்பேர் நாற்றைப் பிடித்தே அறியாத நகரத்து ஆட்கள். மூன்று டன் எங்கிருந்து வரும்? ஆனால் வரவில்லை என்று சொன்ன அதிகாரி எதிரியாகக் கருதப்பட்டான். ஆகவே அவன் மூன்று டன் விளைந்தது என்றே எழுதி அனுப்பினான். மேலே இருந்தவர்கள் அந்தப் பொய்க் கணக்கின்படி தங்கள் பங்கைக் கேட்டார்கள். விதைக்கும் சோற்றுக்கும் வைத்திருந்த நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்பினான். ஒரு பகுதி சீனாவுக்கும் போனது. விளைவித்தவர்களுக்கு மிஞ்சியது தண்ணீரில் நாலு பருக்கை மிதக்கும் கஞ்சி.

இங்கே நின்று யோசியுங்கள் மக்களே. "இவர்களைப் பட்டினி போட்டுக் கொல்" என்று போல் பாட் எழுதிய ஓலை எதுவும் இல்லை. அவன் கேட்டது மூன்று டன் நெல். செத்தவர்களோ லட்சக்கணக்கில். கொன்றது யார்? பொய்க் கணக்கு எழுதிய கிராம அதிகாரியா? நெல்லை ஏற்றிய வண்டிக்காரனா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒருவரும் கொல்லவில்லை, மக்கள் தாமாகச் செத்துப்போனார்கள் என்றுதான் முடியும். கொடுங்கோலன் விரும்புவதும் அதுவே.

ஆனால் அவனுக்குத் தெரியாமல் போயிற்றா? இயெங் திரித் என்ற பெண்மணி அந்த ஆட்சியில் சமூக நலத்துக்குப் பொறுப்பான அமைச்சர். போல் பாட்டின் மனைவியின் உடன்பிறந்தவர். 1976இல் அவர் நாட்டின் வடமேற்குப் பகுதிக்குப் போய்ப் பார்த்தார். தங்க வீடில்லாமல், நோயால் மெலிந்து, வெயிலில் கிடக்கும் மக்களைக் கண்டார். திரும்பிவந்து தலைவனிடம் சொன்னார். கண்ணால் கண்ட சாட்சி, அதுவும் வேண்டியவர் வாயால், நேராக அவன் காதுக்கே வந்துவிட்டது. அதன் பிறகு என்ன நடந்தது? திட்டம் தவறு என்று அவர்களில் ஒருவரும் எண்ணவில்லை. சோறு அனுப்பவில்லை. நம் திட்டம் சரியானது, ஆகவே மக்கள் வாடுவதென்றால் இடையில் எதிரிகள் புகுந்து கெடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பகுதியின் அதிகாரிகளைப் பிடித்துக் கொன்றார்கள். பசி அப்படியே இருந்தது; உண்மையைச் சொல்லக் கூடியவர்கள் இன்னும் குறைந்தார்கள்.

ஏட்டில் பூவண்டர் நீசனின் சபையிலே எழுந்து புத்தி சொன்னதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நீசனுக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒருவர் இருந்தார், சொன்னார். கேளாதவன் அரசன். அதுவும் தவிர, பண்டாரத்துக்கு இடைஞ்சல் செய்வதில்லை என்று கலியன் தானே ஆணையிட்டுக் கொடுத்தவன். வாக்குக் கொடுத்தவனுக்குத்தான் வாக்குத் தவறிய பாவமும். சேவகன் அந்த வாக்கைக் கொடுக்கவில்லை.

தமிழ் நாட்டிலே பெரியவர்கள் இந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்கவில்லை. மனுநீதிச் சோழன் வாசலில் மணி கட்டிய கதை சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையில் எல்லாரும் கன்றையும் தேர்க்காலையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ மணிதான் பெரிதாகப் படுகிறது. அரசன் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே பார்க்காததும் தன் காதுக்கு வரும்படி ஒரு வழியை அவனே செய்து வைக்கிறான். பாண்டியன் கதை இன்னொரு விதம். பொற்கொல்லன் பொய் சொன்னான், காவலர் வெட்டினார்கள், அரசன் வாளைத் தொடவும் இல்லை. உண்மையில் அவனுக்குத் தெரியாது. ஆயினும் சிலம்பு உடைந்து உண்மை தெரிந்தபோது அவன் பொற்கொல்லனைக் காட்டவில்லை, காவலரைக் காட்டவில்லை. குற்றத்தைத் தன்மேல் ஏற்று அங்கேயே உயிரை விட்டான். விசாரிக்காமல் ஒரு சொல் சொன்னேனே என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

போல் பாட் செய்தது என்ன? நீதிமன்றத்தை மூடினான். பத்திரிகையை ஒழித்தான். தபாலும் தந்தியும் மக்களுக்கு இல்லை. கோவிலில் போய் அழவும் வழியில்லை. கெட்ட செய்தி கொண்டுவருபவன் எதிரி என்று வைத்தான். மணியை அறுத்துப் போட்டவன், பிறகு மணியோசை கேட்கவில்லை என்று சொன்னால் அதை யார் ஏற்பது? அறியாமை என்பது ஒருவனுக்குத் தானாக வாய்த்தால் அது குறை. அதை அவனே வேலி போட்டு வளர்த்தால் அதுவே குற்றம்.

இங்கே நியாயமான ஒரு தடையையும் சொல்லிவிட வேண்டும். தலைவன் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் யமாஷிதா என்ற ஜப்பானியத் தளபதியைக் காட்டுவார்கள். 1945 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில் ஜப்பானியப் படையினர் மக்களைக் கொன்று குவித்தார்கள். அந்த நாட்டில் இருந்த ஜப்பானியப் படைக்கு மேல் தளபதி யமாஷிதா. ஆனால் அவர் அப்போது வடக்கே மலைப்பகுதியில் இருந்தார். அமெரிக்கப் படையின் தாக்குதலால் தொடர்புகள் சிதறிக் கிடந்தன. மணிலாவில் நின்றவர்களோ பெரும்பாலும் கடற்படையினர். நகரை விட்டு விலகச் சொன்ன பிறகும் விலகாமல் நின்றவர்கள். ஆயினும் படையை அடக்கத் தவறினார் என்று தீர்ப்பாகி, 1946 பிப்ரவரி 23இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இது நியாயமல்ல என்று மாறுபட்டு எழுதினார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பு முழுதாக ஒப்பவில்லை. கம்பியை எதிரி அறுத்ததால் செய்தி வராமல் போனவனும், தானே கம்பியை அறுத்தவனும் ஒன்றல்ல. முதலாமவனிடம் "நீ தடுத்திருக்க முடியுமா?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாக நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாமவனிடம் அந்தக் கேள்வியே எழாது.

போல் பாட்டின் கம்பியை ஒருவரும் அறுக்கவில்லை. இன்னும் சொன்னால், கொலைக்கான வழியை அந்த ஆட்சி காகிதத்திலேயே எழுதி வைத்தது. 1976 மார்ச் 30ஆம் நாளிட்ட கட்சி மத்தியக் குழுவின் முடிவு ஒன்று கிடைத்திருக்கிறது. நொறுக்கும் அதிகாரம் எந்தப் பகுதியில் எந்தக் குழுவுக்கு உண்டு என்று அதில் வகைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். கொல்வது என்ற சொல்லை அவர்கள் எழுதுவதில்லை. பொடியாக நொறுக்குவது என்ற பொருள்படும் ஒரு சொல்லையே எழுதுவார்கள். மனிதனை மண்பானை போலப் பேசும் சொல். கொல்ல இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று பங்கு வைத்துக் கொடுத்தவன், பின்னால் ஒவ்வொரு கொலையும் எனக்குத் தெரியாது என்றால், அது உண்மையாகவே இருந்தாலும் அவனைக் காப்பாற்றாது. சாவியைக் கொடுத்தவன் கதவு திறந்த நேரம் தெரியாது என்று சொல்வது போலத்தான் அது.

இனி சேவகன் பக்கம் வருவோம். புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதைச் சிறையாக மாற்றினார்கள். வகுப்பறையில் செங்கல் வைத்துச் சிறு சிறு அறைகளாகத் தடுத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரியவர்களில் உயிரோடு மீண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் வான் நாத் என்ற ஓவியர். போல் பாட்டின் படத்தை வரையத் தெரிந்ததால் உயிர் தப்பினார். அந்தச் சிறைக்குத் தலைவன் டூச் என்று அழைக்கப்பட்ட காங் கேக் ஈவ். முன்னே அவன் கணக்கு வாத்தியார். வாத்தியார் தொழிலின் ஒழுங்கை அங்கேயும் விடவில்லை: வந்தவர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம், வாக்குமூலம், ஓரத்தில் அவன் கைப்படக் குறிப்பு. 1999இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அவன் பெயரை மாற்றிக்கொண்டு, கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்து, தொண்டு வேலை செய்துகொண்டிருந்தான்.

டூச் சொன்னது என்ன? மேலே இருந்தவர்கள் சொன்னதைச் செய்தேன். செய்யாவிட்டால் என்னையும் என் குடும்பத்தையும் கொன்றிருப்பார்கள். இதில் பொய் இல்லை. அந்தச் சிறையில் வேலை பார்த்தவர்களில் பலர் பின்னாளில் அதே சிறையில் அடைபட்டுச் செத்தார்கள். மேலே போல் பாட்டோ, நான் உச்சியில் இருந்தவன், பெரிய காரியங்களைத்தான் முடிவு செய்தேன் என்றான். நாட்டின் அதிபராக இருந்த கியூ சம்பான், எனக்குப் பெயர்தான் இருந்தது, அதிகாரம் இல்லை என்றார். கீழே இருந்தவன் மேலே கை காட்டுகிறான். மேலே இருந்தவன் கீழே கை காட்டுகிறான். இரண்டு கைக்கும் நடுவில் பிணங்கள் கிடக்கின்றன.

நாம் இதில் அடிக்கடி ஒரு தவறான கணக்குப் போடுகிறோம். பாவம் என்பது பலாச்சுளை போலப் பங்கு வைக்கிற பொருள் அல்ல. சேவகனுக்கு ஒரு பங்கு கொடுத்தால் அரசனுக்கு ஒரு பங்கு குறையும் என்பது இல்லை. ஒரு விளக்கில் இருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் குறைவதில்லையே, அது போல. டூச் தன் கையால் எழுதிய ஒவ்வொரு குறிப்புக்கும் முழுப் பொறுப்பு டூச்சுக்கு. டூச்சை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததற்கும், அவன் "மாட்டேன்" என்று சொல்ல முடியாத நிலையை உண்டாக்கியதற்கும் முழுப் பொறுப்பு மேலே இருந்தவர்களுக்கு. நீதிமன்றமும் இப்படித்தான் கண்டது. ஐக்கிய நாடுகள் சபையும் கம்போடியாவும் சேர்ந்து அமைத்த மன்றம் 2010இல் டூச்சுக்கு 35 ஆண்டுச் சிறை விதித்து, 2012இல் மேல்முறையீட்டில் அதை ஆயுள் சிறையாக்கியது. கியூ சம்பானுக்கும், கட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்த நுவோன் சியாவுக்கும் 2014இலும் 2018இலும் ஆயுள் சிறை. ஒருவன் தண்டனையைக் காட்டி மற்றவன் தண்டனையை அது கழிக்கவில்லை.

சரி, கிராமத்திலே ஒரு குட்டி அதிகாரி பழைய வரப்புத் தகராறுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரை எதிரி என்று காட்டிக் கொன்றான் என்றால்? அதுவும் போல் பாட் கணக்கில் வருமா? கொலை அந்த அதிகாரியுடையது. ஆனால் வரப்புத் தகராறு எல்லா நாட்டிலும் உண்டு. அதைத் தீர்க்க ஊர்க்கூட்டம், போலீஸ், கோர்ட்டு என்று ஏதாவது இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டு, அங்காரின் பெயரை மட்டும் சொன்னால் யாரையும் கொல்லலாம் என்று ஆக்கி வைத்தது யார்? அந்தக் கொலையின் பகையை அவன் உண்டாக்கவில்லை. அதற்கு அரிவாள் கொடுத்தது அவன்.

இனி அந்த இரண்டாவது பிள்ளையின் கேள்வி: கலி ஆட்டினால் அவன் என்ன செய்வான்? கலி எல்லார் மனதிலும் புகுந்து நிற்கிறது என்பது நாம் அறிந்ததே. டூச் மனதிலும் புகுந்தது, போல் பாட் மனதிலும் புகுந்தது, கேட்கிற நம் மனதிலும் இருக்கிறது. அதனால்தான் நம் பதிகளில் பள்ளியறையிலே கண்ணாடி வைத்து, வணங்குகிறவன் தன் முகத்தைத் தானே பார்க்கும்படி செய்திருக்கிறது. ஆனால் கலி எல்லாரிடமும் இருக்கிறது என்பது ஒருவரும் குற்றவாளி இல்லை என்று சொல்வதற்காகச் சொல்லப்பட்டதல்ல. அப்படியானால் நடுத்தீர்ப்பு எதற்கு? தீர்ப்பு என்றால் கேட்பவர் ஒருவரும், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரும் இருந்தாக வேண்டும்.

குறோணியின் துண்டுகள் யுகந்தோறும் பிறந்த கதையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவனுக்குப் புத்தி சொல்லப்படுகிறது. சாகும் தறுவாயில்கூட வாய்ப்புக் கொடுக்கப்படுகிறது. இராவணன் விழுந்து கிடக்கையில் என்ன சொல்கிறான்? என் தம்பி காட்டிக் கொடுத்ததால் வென்றாய் என்கிறான். தான் செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பி மேல் பழி. அடுத்த யுகத்தில் அவனே துரியோதனனாக, கூடவே பல தம்பிமாரோடு பிறக்கிறான். ஆட்டுவிக்கப்படும் பொம்மையிடம் யாரும் புத்தி சொல்வதில்லை. மனம் மாறுவாயா என்று கேட்பதும் இல்லை. கேட்கப்படுகிறது என்பதே, அவன் வேறு விதமாக நடந்திருக்க முடியும் என்பதற்குச் சாட்சி.

போல் பாட்டிடமும் கேட்கப்பட்டது. 1997 அக்டோபரில், காட்டுக்குள் அவனுடைய ஆட்களே அவனைக் காவலில் வைத்திருந்தபோது, ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் போய்ப் பார்த்தார். அப்போது அவன் நோயாளியான கிழவன். நான் போராட வந்தேனே தவிர மக்களைக் கொல்ல வரவில்லை, என்னைப் பார்த்தால் கொடியவனாகத் தெரிகிறதா, என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கிறது என்ற பொருள்படப் பதில் சொன்னான். துவோல் ஸ்லெங் சிறை வியட்நாம்காரர்கள் கட்டிவைத்த கண்காட்சி என்றான். லட்சக்கணக்கில் செத்தார்கள் என்பது மிகை என்றான். பேச்சு மெதுவாக, மரியாதையாக இருந்தது. கொடுங்கோலன் என்றால் கோரைப்பல்லும் சிவந்த கண்ணுமாக இருப்பான் என்று எண்ணுகிறவர்கள் அந்தக் கிழவனின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். இளவயதில் அவனிடம் படித்தவர்கள் அவனை அன்பான ஆசிரியராகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆம், அவனும் ஒரு காலத்தில் வாத்தியார்தான்.

1998 ஏப்ரல் 15இல் அவன் செத்தான். பழைய டயர்களையும் மரச்சாமான்களையும் அடுக்கி அதன்மேல் வைத்து எரித்தார்கள். உலக மன்றம் எதன் முன்னாலும் அவன் நிற்கவில்லை. அப்படியானால் தப்பிவிட்டானா என்று கேட்பார்கள். அவனை நடுத்தீர்ப்புக்கு விட்டுவிடுவோம்; அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, செத்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்பது.

புனோம் பென்னுக்கு வெளியே அந்த மன்றம் நடந்த கூடத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் உட்காரலாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீதிபதிகளும் குற்றம் சாட்டப்பட்டவர்களும். இந்தப் பக்கம் கிராமத்து மக்கள். தொலைதூரத்தில் இருந்து பேருந்துகளில் வந்தார்கள், பிட்சுக்களும் வந்தார்கள், கிழவிகள் பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். வழக்கில் தாங்களும் ஒரு தரப்பாகச் சேர்ந்துகொள்ள அவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. தலைவர்கள் மேல் நடந்த வழக்கில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படிச் சேர்ந்தார்கள். பணம் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மன்றத்துக்குத் தனித்தனியே பணம் கொடுக்க அதிகாரம் இல்லை. மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள் முறையிட இடமே இல்லாமல் இருந்தவர்கள், முப்பது ஆண்டு கழித்து ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, என் தகப்பனை எங்கே கொண்டுபோனீர்கள், அவர் செய்த குற்றம் என்ன என்று, எதிரே இருந்த கிழவர்களின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.